எட்டு நிமிடம் முந்திய மணிக்கூடு

பதிவாளர் அலுவலகத்தில் இப்போது எழுதுவினைஞராக இருக்கிற துஷி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். "அன்ரி, புது மாணவர் கைநூல் அடிக்கிறம். கடைசியில பழைய ஆக்களின்ர அனுபவம் எண்டு ஒரு பகுதி. நீங்கள்தான் கனகாலம் இருந்தனீங்கள். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். படியிறங்கிப் போகும்போது திரும்பி, "சந்தோஷமான விசயமா எழுதுங்கோ அன்ரி, புதுப் பிள்ளையள் வாசிக்கிறது" என்றாள்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவளிடம் பட்டதாரிப் பிள்ளைகளுக்கான புத்தகத்துக்கு எழுதித் தா என்று கேட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. எழுத்துப் பிழை வருமோ, யாரும் கோபிப்பார்களோ, ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்று ஒவ்வொன்றாக யோசித்து முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சந்தோஷமான விசயம் என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் துஷி வெட்டட்டும்.

எங்கள் பல்கலைக்கழகம் சின்னது. வவுனியாவிலிருந்து மன்னார்ப் பக்கம் போகிற வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே கிரவல் பாதையில் நடக்க வேண்டும். மூன்று கட்டடம், ஒரு சிற்றாலயம், ஒரு கன்ரீன். கத்தோலிக்கக் குருமாணவர்களுக்காகத் தொடங்கி, பிறகு ஆசிரியர் கல்வி, உளவளத்துணை, முகாமைத்துவம் என்று வெளிப் பிள்ளைகளுக்கும் பட்டப்படிப்புகள் வந்தன. வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் சைவம். நடத்துகிறவர்கள் குருமாரும் கன்னியாஸ்திரிகளும்.

நான் பிறந்தது பளையில். சண்டையில் இடம்பெயர்ந்தபோது பள்ளிக்கூடம் நின்றது. "ஒரு வருசம்தானே, பிறகு சேரலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். அந்த ஒரு வருடம் முடியவே இல்லை. தையல் வேலை, முன்பள்ளியில் உதவி, ஒரு கடையில் பில் எழுதும் வேலை என்று திரிந்து, கடைசியில் இங்கே அலுவலக உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது பிள்ளைகள் என்னை அக்கா என்றார்கள். நாலைந்து தொகுதிப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போனதும் அன்ரி ஆனேன். ஓய்வு பெற்ற வருடம் ஒருத்தி அம்மம்மா என்று கூப்பிட்டாள். சரி, இனிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் காலத்தில் ஐந்து கைநூல் மாறின. ஒவ்வொன்றிலும் படிவங்களுக்குப் பெயர் மாறும். பாடம் விலகல் படிவம் என்று இருந்தது பாடப் பதிவு மீளாய்வு விண்ணப்பம் ஆகும். பிள்ளைகளுக்கு விளங்காது. எனக்கும் விளங்காது. ஆனால் நான்தான் விளங்கப்படுத்த வேண்டும். முதலாம் வருடத்தில் எல்லாருக்கும் சமயப் பாடம் ஒன்று கட்டாயம். கத்தோலிக்கருக்கு விவிலியம், மற்றவர்களுக்குச் சமயங்களின் ஒப்பீடு. எந்தச் சமயம் என்று அடையாளமிட ஒரு படிவம் உண்டு. ஒரு பிள்ளை வந்து, "அக்கா, அம்மா சைவம், அப்பா வேதம். நான் எதுக்குப் போடுறது?" என்று கேட்டாள். வேதம் என்பது எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவம்.

"வீட்டில எதைக் கும்பிடுறனீங்கள்?"

"ரெண்டையும்தான்."

படிவத்தில் பெட்டி இரண்டு இருந்தது. ஒன்றில் மட்டும் அடையாளமிடவும் என்று கீழே எழுதியிருந்தது. மூன்று கிழமை அந்தப் படிவம் மேசைக்கு மேசை போய் வந்தது. முடிவாக அந்தப் பிள்ளை இரண்டு வகுப்பிலும் இருந்து இரண்டு பரீட்சையும் எழுதியது. இரண்டுக்கும் வரவுத்தாளில் பெயர் எழுதியது நான்தான்.

இந்த வரவுத்தாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எண்பது வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்பது எங்கள் விதி. கைநூல் ஐந்து மாறியும் இது மட்டும் மாறவில்லை. காலை விரிவுரை எட்டரைக்கு. எட்டே முக்கால் வரை வரவுத்தாள் வகுப்பில் இருக்கும். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்காகக் கொடுத்த பதினைந்து நிமிடச் சலுகை அது. எட்டே முக்காலுக்கு நான் போய்த் தாளை எடுத்து, வெறுமையாக இருக்கிற இடங்களில் சிவப்புக் கோடு கீறி, அலுவலகத்தில் பைலில் போட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவர் வகுப்பில் முழு நேரமும் இருந்தாலும் அன்றைக்கு வரவில்லை என்றுதான் கணக்கு. நாலு மண்டபம், நாலு தாள். ஒருநாளும் பிந்தியதில்லை. பதிவாளர் ஃபாதர் எல்லாக் கூட்டத்திலும் இதைச் சொல்லிக் காட்டுவார்.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவாளர் ஃபாதர் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. மேசையில் கோடு கீறுகிற மர அடிமட்டம் ஒன்று வைத்திருப்பார். எந்த விதியை வாசித்தாலும் அடிமட்டத்தை அந்த வரிக்குக் கீழே வைத்து, சொல்லுக்குச் சொல் நகர்த்தித்தான் வாசிப்பார். முறைப்பாட்டோடு வருகிறவரை முதலில் கதிரையில் இருத்துவார். "இருங்கோ. முதல் தண்ணியைக் குடியுங்கோ. இனிச் சொல்லுங்கோ." முழுவதையும் கேட்பார். இடையில் குறுக்கிட மாட்டார். பிறகு கைநூலை எடுப்பார், அடிமட்டத்தை வைப்பார், வாசிப்பார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு இல்லை என்று அர்த்தம். ஃபாதரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த எவரும் கேட்டதை வாங்கிக்கொண்டு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நானும் ஒருமுறை அந்தத் தண்ணீரைக் குடித்தேன். சேர்ந்த புதிதில், பரீட்சை வினாத்தாள் பெட்டியை மண்டபத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திக் கொண்டுபோனேன். அலுவலகச் சுவர் மணிக்கூட்டின் பற்றரி தளர்ந்து அது பின்னுக்கு ஓடியிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஃபாதர் இருத்தினார், தண்ணீர் தந்தார், ஊழியர் ஒழுக்கவிதியில் ஒரு வரியை வாசித்தார். அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று பின்னேரம் கதிரையில் ஏறிப் புதுப் பற்றரி போட்டேன். போட்டதோடு முள்ளை எட்டு நிமிடம் முன்னுக்கு வைத்தேன். ஐந்து நிமிடம் என் பயத்துக்கு. மூன்று நிமிடம், பற்றரி திரும்பவும் தளர்ந்தால் என்று. எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். கையில் மணிக்கூடு கட்டும் பழக்கம் எனக்கு இல்லை. ரெலிபோனைக் கைப்பையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. ஆகவே சுவரில் இருந்ததுதான் எனக்கு நேரம். ஒரு வருடம், இரண்டு வருடம் போக, அது முந்தி ஓடுகிறது என்பதையே மறந்துபோனேன். பற்றரி மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பழைய முள்ளைப் பார்த்துப் புதிதை வைத்தேன். எட்டு நிமிடம் அப்படியே இருந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்! அதுதான் இதில் ஆத்திரம் வருகிற இடம். மூத்த பிள்ளைகள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம், எட்டு முப்பத்தேழுக்கு முதல் உள்ளுக்கு இருக்க வேண்டும், இங்கே ஒபிஸ் நேரம் வேறு என்று. அதையும் கைநூலில் உள்ள ஒரு விதி மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சிலர் வந்து என்னிடமே சொன்னார்கள்.

"அன்ரி, இப்பதான் எட்டு முப்பத்தேழு. ஏன் தாளைத் தூக்குறீங்கள்?"

"பிந்தி வாற எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறது. போங்கோ உள்ளுக்கு."

என் வாயால் எத்தனை தரம் இதைச் சொல்லியிருப்பேன் என்று எண்ண முடியாது. விரிவுரையாளர்களில் பலர் பிந்தித்தான் வருவார்கள், அவர்களுக்குக் கவலையில்லை. ஃபாதர் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைத்தான் பார்ப்பார், சுவரைப் பார்க்க மாட்டார். பிள்ளைகள் முந்தி வரப் பழகிக்கொண்டார்கள். செட்டிகுளத்திலிருந்து வருகிற பஸ் மட்டும் பழகிக்கொள்ளவில்லை.

அந்த பஸ்ஸில் வருகிறவள் நிரோஷி. ஆசிரியர் கல்வியில் கடைசி வருடம். தகப்பன் பெருமாள், மலைநாட்டிலிருந்து வந்து செட்டிகுளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். குத்தகைக்கு வயல் செய்கிறவர். நிரோஷி நன்றாகப் படிப்பாள். ஆனால் வாய் கொஞ்சம் நீளம். வரவுத்தாளை எடுத்துக்கொண்டு நான் வெளியே வரவும் அவள் மூச்சு வாங்க வாசலில் நிற்கவும் சரியாக இருக்கும். "அன்ரி, உங்களுக்கும் எனக்கும் பொருத்தம் நல்லா இருக்கு, ஒரு நாளும் தப்புறதில்லை" என்பாள். எனக்குக் கோபம் வரும். பஸ் கொஞ்சம் முந்தி வந்த நாட்களில் உள்ளே இருந்து பெரிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குக் காட்டுவாள்.

கடைசித் தவணையில் ஆய்வு முறை என்ற பாடம் காலையில். மொத்தம் முப்பது வகுப்பு. இருபத்துநாலு வேண்டும். நிரோஷியின் பெயருக்கு நேரே இருபத்திரண்டு கையெழுத்து, எட்டுச் சிவப்புக் கோடு. இரண்டு குறைவு. பரீட்சைக்கு அனுமதி இல்லாதவர்கள் பட்டியலை ஒட்டியதும் நான்தான். அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். இந்த முறை எழுதாவிட்டால் அடுத்த வருடம் இதே தவணைவரை வீட்டில் இருக்க வேண்டும்.

மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் படிவம், மூன்று பிரதி, பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். புதன்கிழமை விசாரணை. பரீட்சை அனுமதிச் சீட்டு அடிப்பது வெள்ளி பன்னிரண்டு மணியோடு நிற்கும். விசாரணையில் அந்தப் பாடம் படிப்பித்த மிஸ், பதிவாளர் ஃபாதர், நிரோஷி, தகப்பன். வரவுத்தாள் பைலோடு நான் மூலையில்.

தண்ணீர் வந்தது. பெருமாள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

"சொல்லுங்கோ பிள்ளை" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், எட்டு நாளில நாலு நாள் நான் வரேல்லத்தான். மூண்டு நாள் நெல்லு வெட்டுற மெஷின் வந்தது. அது வாற நாளில ஆள் நிக்காட்டி அடுத்த வயலுக்குப் போயிடும். ஒரு நாள் காய்ச்சல், மருந்து எடுக்கப் போகேல்ல, சேர்ட்டிபிகேற் இல்ல. அந்த நாலும் என்ர பிழை. நான் அதைக் கேக்கேல்ல. மற்ற நாலு நாளும் நான் வகுப்பில இருந்தனான்."

"தாளில இல்லையே."

"நான் வரேக்க தாள் இல்ல ஃபாதர்."

மிஸ், "அவா இருந்தவா ஃபாதர். பின்வாங்கில இருந்து கேள்வி கேக்கிறது இவாதான். எந்தத் திகதி எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

ஃபாதர் கைநூலை எடுத்தார். அடிமட்டத்தை வைத்தார். "வரவுத்தாளே, வருகைக்கான, ஒரே சான்றாகக், கொள்ளப்படும்." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "தாள் எத்தனை மணிக்கு எடுக்கிறனீங்கள்?"

"எட்டே முக்காலுக்கு, ஃபாதர்."

"சரியாகவோ?"

"சரியா, ஃபாதர். ஒரு நாளும் பிந்தினதில்லை."

பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைத்தான் உண்மை என்று நம்பியிருந்தேன்.

பெருமாள் எழும்பி நின்றார். "ஐயா, ஒரு வார்த்தைங்க. ஒரு வருசம் நின்னா அப்புறம் புள்ள வராதுங்க. மூத்தவளும் ஒரு வருசம்னுதான் நின்னா. இப்ப கார்மெண்ட்ஸ்ல இருக்கா. வேணாம்னு சொல்லல, அதுவும் வேலைதான். ஆனா இவ ரீச்சர் ஆகணும்னு சின்னதில இருந்து சொல்லிக்கிட்டே இருக்குறா."

ஃபாதர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நாளண்டைக்குக் கடிதம் தருவம்" என்றார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நிரோஷிக்கும் விளங்கிவிட்டது. எழும்பிப் போனாள். பகிடி விடாமல் அவள் என்னைக் கடந்து போனது அதுதான் முதல் தரம்.

ஒரு வருடம் என்ற சொல் என் காதிலேயே நின்றது. எனக்கும் அப்படித்தானே சொன்னார்கள்.

பெருமாள் படிவப் பிரதிக்காக அலுவலக வாங்கில் காத்திருந்தார். நான் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அவர் ரெலிபோனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப ரெலிபோனைப் பார்த்தார்.

"அம்மா, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த மணிக்கூடு முன்னுக்கு ஓடுதுங்களா? பதினொன்னு இருவதுக்கு பஸ்ஸு. இதுல இருவது ஆயிருச்சு, பஸ்ஸ விட்டுட்டேனேன்னு பயந்துட்டேன். போன்ல பதினொன்னு பன்னெண்டுதான் காட்டுது."

சுவரைப் பார்த்தேன். கதிரையில் ஏறி முள்ளை நகர்த்திய அந்தப் பின்னேரம், பற்றரி, ஐந்தும் மூன்றும், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. "ஓம், முன்னுக்குத்தான் ஓடுது. நீங்கள் போங்கோ ஐயா, பஸ் நிக்கும்" என்றேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. கைப்பையைத் திறந்து ரெலிபோனை எடுத்துச் சுவரோடு பார்த்தேன். எட்டு நிமிடம். அப்படியானால் நான் தாளை எடுத்தது எட்டு முப்பத்தேழுக்கு. பிள்ளைகளுக்குக் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் பாதிக்கு மேலே நான் பறித்திருக்கிறேன். சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இரவு முள்ளைச் சரியாக வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டையும் மாறி மாறி யோசித்தேன். மூன்று தரம் ஃபாதரின் கதவடிக்குப் போய்த் திரும்பினேன். நாலாம் தரம் அவரே கதவைத் திறந்து, "என்ன, தேத்தண்ணியோ?" என்றார்.

நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கதிரையைக் காட்டினார்.

"இருங்கோ. தண்ணியைக் குடியுங்கோ."

சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"எவ்வளவு காலமா?"

"வந்த வருசத்தில இருந்து, ஃபாதர்."

அவர் அடிமட்டத்தை எடுத்தார். வைப்பதற்கு ஒரு வரியும் இல்லை. மணிக்கூடு பிழையாக ஓடினால் என்ன செய்வது என்று எந்தக் கைநூலிலும் எழுதவில்லை. அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, நான் இதுவரை காணாத ஒன்றைச் செய்தார். கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

"இதைக் கட்டிக்கொண்டு நாளைக்குக் காலமை பஸ் தரிப்பிடத்தில நில்லுங்கோ. செட்டிகுளம் பஸ் எத்தனைக்கு வருது, அந்தப் பிள்ளை மண்டபத்துக்கு எத்தனைக்கு வருது எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. நீங்கள் சொல்லுறதை மட்டும் வைச்சு நான் எழுத ஏலாது."

வியாழக்கிழமை எட்டு மணிக்கே போய் நின்றேன். ஆம்பிளை மணிக்கூடு, கையில் சுழன்றது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து, தங்கச்சி வருகிறாள் என்று சொல்வோம் என முடிவெடுத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. எட்டு முப்பத்தொன்றுக்கு பஸ் வந்தது. அது முழுதாக நிற்க முதலே நிரோஷி குதித்தாள். என்னைக் கண்டாள்.

"என்ன அன்ரி, இனித் தாளோட இஞ்சயே வாறதெண்டு முடிவோ?"

"இல்லைப் பிள்ளை. நட, நட. என்னைப் பாக்காத. எப்பவும் வாற மாதிரி வா."

"எப்பவும் வாற மாதிரியெண்டா ஓடோணும்."

ஓடினாள். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கிரவலில் செருப்பு சறுக்கியது. பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டியது. இத்தனை வருடம் இந்தப் பாதையின் மற்ற முனையில் நின்று சிவப்புப் பேனையோடு பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. அந்தக் கிழமை பரீட்சைக்கு முந்திய மீட்டல் வகுப்புகள்தான், வரவுத்தாளே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நில்லு பிள்ளை! இண்டைக்கு வரவு எடுக்கிறேல்ல. என்னத்துக்கு ஓடுறாய்? உனக்குப் பரீட்சையே இல்லாமல் போகப்போகுது."

நிரோஷி திரும்பாமலே சொன்னாள். "வரவுக்கோ ஓடுறன்? மிஸ் தொடங்கிடுவா அன்ரி."

மண்டப வாசலில் அவள் கால் வைத்தபோது எட்டு நாற்பது. ஒன்பது நிமிடம். சலுகை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. ஆனால் என் சுவரில் அப்போது எட்டு நாற்பத்தெட்டு. மற்ற நாளாக இருந்தால் தாள் பைலுக்குள் போயிருக்கும்.

எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் அதை அடிமட்டம் வைத்து வாசித்தார். "அந்த நாலு நாளும் பஸ் இதே நேரத்துக்குத்தான் வந்ததோ, கூடப் பிந்தினதோ தெரியாது" என்றார். "ஓம் ஃபாதர்" என்றேன். "நாலில ரெண்டு நாளாவது இப்பிடி இருந்திருக்கும் எண்டு நம்பலாமோ?" இதுவரை அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதில்லை. "நம்பலாம் ஃபாதர்" என்றேன். அவர் அனுமதி எழுதினார், மிஸ் கையெழுத்து வைத்தார். வெள்ளி பதினொன்றரைக்கு அனுமதிச் சீட்டு அடித்தோம். அரை மணித்தியாலம் மிச்சம்.

சீட்டை நிரோஷியின் கையில் கொடுத்து, மணிக்கூட்டு விசயத்தையும் நானே சொன்னேன். அழுவாள், அல்லது கையைப் பிடித்து நன்றி சொல்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருப்பேன் போல.

"அன்ரி" என்றாள், "நான் இதை உங்களுக்கு முதலாம் வருசமே சொன்னனான்."

சொல்லியிருந்தாள். ஒரு தரம் அல்ல. அவள் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பரீட்சை எழுதினாள், சித்தியும் அடைந்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள் என்று கேள்வி.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஃபாதர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார், அடிமட்டத்தோடு. அதைத் தட்டச்சு செய்தது அப்போதே எங்கள் அலுவலகத்தில் இருந்த துஷி. மூன்று போட்டோக் கொப்பி எடுத்ததும், ஒன்றை என் சொந்த பைலில் போட்டதும் நானேதான். துஷிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அன்ரி, வீட்டுக்கும் எட்டு நிமிசம் முந்தித்தானே போயிருப்பீங்கள்?" என்றாள். அதுவும் இல்லை. ஃபாதர் போகும்வரை நான் போனதே இல்லை.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சந்தோஷமான கதைதான். ஆனால் நான் கவலைப்பட்டே பழகியவள். நிரோஷிக்கு முதல் எத்தனை நிரோஷி? வரவு போதாது என்று பட்டியலில் பெயர் வந்து, மேன்முறையீடு செய்யத் தெரியாமல், ஒரு வருடம் என்று வீட்டுக்குப் போய்த் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர்? பழைய தாள்களைத் தேடினேன். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வரவுத்தாள்களை அழிக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு வருடமும் பின்வளவில் வைத்து எரித்ததும் நான்தான், சாம்பலாகும்வரை நின்று பார்த்து, எரித்தாயிற்று என்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன். அந்தக் கையெழுத்துகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கும் ஓய்வு வந்தது. இப்போது வரவுத்தாள் இல்லை. ஒவ்வொரு மண்டப வாசலிலும் விரல் வைக்கிற மெஷின். எட்டே முக்காலுக்கு அது தானாகப் பூட்டிக்கொள்ளும். இப்போதிருக்கிற கைநூலில் அதைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். மனிதப் பிழைக்கு இடமில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த மனிதர் யார் என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதச் சொல்லித் துஷி கேட்டுவிட்டுப் போன மறுகிழமை, ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு அங்கே போனேன். முதலாம் மண்டப வாசலில் நின்று மெஷினையும் என் ரெலிபோனையும் பார்த்தேன். பக்கத்து மண்டபத்துக்கும் போய்ப் பார்த்தேன். துஷியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இது ஆறு நிமிசம் முன்னுக்கு நிக்குது."

துஷி சிரித்தாள். "அன்ரி, உங்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகேல்ல. அது சிஸ்டத்தின்ர நேரம். கொழும்பில இருந்து செற் பண்ணினது. எங்களால தொட ஏலாது."

"பிள்ளையள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பிந்தி வாற எல்லாரும் சொல்லுறதுதானே அன்ரி."

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்று தெரியவில்லை, ஆகவே வெறும் தாளில் எழுதினேன். மூன்று பிரதி. புதுப் பதிவாளர் சிஸ்டரிடம் கையில் கொடுத்து, கிடைத்ததாக முத்திரையும் வாங்கிவிட்டேன். குழு கூடும்போது பார்ப்பதாகச் சொன்னார். எப்போது கூடும் என்று கேட்டேன். அறிவிப்பதாகச் சொன்னார். இன்னும் அறிவிக்கவில்லை.

புதுப் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்று துஷி சொன்னாள். அப்படியானால் அவர்களுக்குத்தான் இது. வாசலில் மெஷின் உங்கள் விரலை ஏற்காவிட்டால், நேரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். திகதியோடு எழுதுங்கள்.

போன செவ்வாய்க்கிழமையும் தரிப்பிடத்தில் போய் நின்றேன். இப்போது எனக்கென்று ஒரு மணிக்கூடு வாங்கிக் கட்டியிருக்கிறேன். செட்டிகுளம் பஸ் எட்டு முப்பத்தொன்றுக்கு வந்தது. மெஷின் பூட்டுவது என் மணிக்கூட்டில் எட்டு முப்பத்தொன்பதுக்கு. நாலு பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள்.